எவ்வளவு கொடுக்கும்?

"மாஸ்டர், அந்த வண்டி எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டாள் ஜெனோவா.

மாஸ்டர் காருக்குள் தலைகீழாகக் கிடந்தாள். கால்கள் கதவுக்கு வெளியே, தலை மிதிகளுக்குக் கீழே. தேய்ந்துபோன மிதி ரப்பர் ஒன்றைப் பிய்த்து எறிந்தாள். அது ஜெனோவாவின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"எந்த வண்டி அக்கா?"

"மதுரையில பார்த்தேன்னு சொன்னேனே. சிவப்பு."

"அது உங்களுக்கு என்ன கொடுக்கணும்?"

ஜெனோவா விழித்தாள். நம் ஊரில் ஒரு கார் எவ்வளவு குடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு கொடுக்கும் என்றுதான் கேட்பார்கள், பசுமாட்டைப் பற்றி விசாரிப்பது மாதிரி. உடனே பதினெட்டு, இருபது என்று ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்தே வண்டி நல்லதா கெட்டதா என்று முடிவாகிவிடும். திருப்பி இப்படி ஒரு கேள்வி இதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேக்குறேன் மாஸ்டர்."

"விக்கிறவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அது உங்க கால்ல இருக்கு மேடம்ங்கிறான்."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, புது ரப்பரை மாட்ட மறுபடி உள்ளே போனாள் மாஸ்டர்.

மாஸ்டர் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டர் தமயந்திக்கு ஜெனோவாவைவிட ஐந்தாறு வயது குறைவு. அவள் பிறந்த கையோடு அவளுடைய அப்பா திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்து, பலகையில் மகள் பெயரையே எழுதிவிட்டார். இப்போது அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். வண்டி மகள் கைக்கு வந்துவிட்டது. அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகிய ஊர், மகளையும் அப்படியே கூப்பிட்டது. மீசை வைத்த மாமாக்கள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "போதுமா மாஸ்டர்?" என்று நடுங்குவார்கள். அவளோ எல்லோரையும் அண்ணா, அக்கா என்பாள். சத்தம் போட மாட்டாள். சத்தம் போட வேண்டிய இடத்தில், அவள் உட்காரும் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிரேக் பேசும்.

ஜெனோவாவும் அவளிடம்தான் ஓட்டக் கற்றாள்.

வத்தலக்குண்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கிளையில் ஜெனோவாவுக்கு வேலை, கண்ணாடிக்கு அளவு பார்ப்பது. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த கட்டடத்தில் சிஸ்டர்கள் நடத்தும் குழந்தைகள் காப்பகம். இரண்டு வயது ஜோவனைப் பின்சீட்டில் அவனுடைய குட்டி இருக்கையில் உட்கார்த்திக் காலையில் கூட்டிக்கொண்டு போவாள். மத்தியானம் ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு பேரும் வீடு திரும்புவார்கள்.

அந்த லாரி வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

செம்பட்டி தாண்டி ஒரு ஜல்லி லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்திவிடலாம் என்று வலது பக்கம் ஏறினாள். பாதி லாரியைத் தாண்டியதும் வண்டிக்கு உயிரே இல்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. லாரியும் அவளும் கல்யாண ஊர்வலம் மாதிரி ஜோடியாகப் போனார்கள். எதிரே பஸ் வந்தது. பஸ்காரர் ஹாரனை அழுத்தியபடியே மண்ணில் இறக்கிக்கொண்டார். அந்தச் சத்தத்தில் ஜோவன் விழித்துக்கொண்டு அழுதான். அவ்வளவுதான். யாருக்கும் கீறல்கூட இல்லை.

இதை அவள் மாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கணவன் செல்வினிடம் அதைப் பற்றிச் சொன்னதெல்லாம், "நம்ம வண்டிக்கு இழுவை பத்தாதுங்க" என்ற ஒரு வரிதான்.

மறுநாள் முதல் ஜோவன் வீட்டில் லூர்து ஆயாவிடம் இருந்தான். குட்டி இருக்கை டிக்கிக்குள் போயிற்று. போன வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றது. ஆயாவின் முந்தானை. ஆயாவைப் பார்த்துத்தான் சொன்னது.

அதற்குப் பிறகுதான் அவள் மதுரைக்குப் போய்ச் சிவப்பு வண்டியைப் பார்த்தது.

யாரோ ஓட்டி விற்ற வண்டிதான். ஆனாலும் அவளுடைய காரைப் போல இரண்டு பங்கு சக்தி. பின்னால் இரட்டைப் புகைக்குழாய். ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். லேசாகத்தான் மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. லாரி என்ற ஜாதியே உலகத்தில் கிடையாது என்று தோன்றியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

குழப்பம் வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோது ஆரம்பித்தது. பதினான்கு கொடுக்கும் என்றான் விற்கிறவன். ஒன்பதைத் தாண்டாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவரும் ஒரு காலத்தில் அதே வண்டி வைத்திருந்தாராம். விற்றபிறகும் கனவில் வருகிறதாம். சாதா பெட்ரோலைக் காட்டவே கூடாது, விலை கூடியதுதான் ஊற்ற வேண்டும் என்றார் யூடியூப்பில் ஒருவர். நான்கு டயரும் மாற்றினால் அவளுடைய ஒரு மாதச் சம்பளம் காலி. இன்ஷூரன்ஸ் இரண்டு மடங்கு. பிரேக்குக்கு ஒரு சின்ன சாமான் வேண்டுமென்றாலும் மதுரைக்கு ஓட வேண்டும், திண்டுக்கல்லில் யாரும் பானெட்டைத் திறக்கக்கூட மாட்டார்கள். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் ஒவ்வொரு தொகை வந்தது. குறைந்த தொகை வந்தால் எதையோ விட்டுவிட்டோம் என்று பயம். கூடுதலாக வந்தால் எதையோ இரண்டு தடவை சேர்த்துவிட்டோம் என்று ஆறுதல்.

"எப்படிப் பார்த்தாலும் ஆயாவை நிறுத்தினாத்தான் மாஸ்டர் கட்டுப்படியாகுது" என்றாள் ஜெனோவா, வெளியே தெரிந்த கால்களைப் பார்த்து.

"சரி" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஆயாவை நிறுத்தினா ஜோவனைத் தினமும் கார்ல கூட்டிட்டுப் போகணும்."

"சரி."

"கார்ல பயமில்லாமக் கூட்டிட்டுப் போகத்தானே அந்த வண்டியே வாங்குறது."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்க. எங்கயோ சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துடுறேன் மாஸ்டர். எங்க திரும்பணும்னுதான் தெரியல."

மாஸ்டர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வண்டி எவ்வளவு கொடுக்குது?"

ஜெனோவாவின் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. "இருபத்திரண்டு."

"அடேயப்பா."

"அவர் வீட்டு குரூப்புல நான்தான் ரெண்டாவது. தூத்துக்குடியில இருக்கிற அவர் அண்ணன் மட்டும் இருபத்திமூணு."

அது ஒரு தனிக் கூத்து. செல்வின் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவன். எண்ணைக் கண்டால் அவனுக்கு மனசு குளிரும். அவன் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு கைதட்டல்தான் விழும். கார் திரையில் மைலேஜ் எண்ணைப் படம் பிடித்துப் போட்டால் எட்டுப் பேர் கை தட்டுவார்கள். கல்யாணமான புதிதில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜெனோவாவுக்குப் பாடம் எடுத்தான். "நாற்பத்தஞ்சைத் தொட்டதும் அஞ்சாவது கியரைப் போட்டுரு ஜெனோ. அப்புறம் கியர் கிட்டயே போகாத. கியர்ல கை வச்சா பர்ஸ்ல கை வச்ச மாதிரி." அவளும் கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் அவனையே மிஞ்சிவிட்டாள்.

அவன் இப்போது டிரைவிங் ஸ்கூலின் தகரக் கொட்டகை நிழலில் ஜோவனை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருந்த கரண்ட் மீட்டரைக் காட்டி, "இது என்ன நம்பர் சொல்லு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு. பூசை முடிந்து நேராக இங்கே வந்திருந்தார்கள். மதுரைக்காரன் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தான்.

"ஏறுங்கக்கா" என்றாள் மாஸ்டர்.

ஜெனோவா டிரைவர் கதவைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

"உங்க சீட்டா?"

"ஆமா. நான் ஓட்டுறேன். நீங்க மாஸ்டர்."

ஜெனோவா இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் இரண்டு மிதிகள் இருந்தன. ஒன்று கிளட்ச், ஒன்று பிரேக். பிரேக்கில் புது ரப்பர் கறுப்பாக மின்னியது. இன்னும் ஒன்றைத் தேடி வலது காலால் துழாவினாள். தரைதான் தட்டுப்பட்டது.

"ஆக்சிலேட்டர் எங்க மாஸ்டர்?"

"இந்தப் பக்கத்துக்கு அது கிடையாது. நிறுத்த மட்டும்தான் முடியும்."

"அப்ப வேகம் வேணும்னா?"

"ஓட்டுறவங்ககிட்ட கேக்கணும்."

வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கினார்கள். மாஸ்டர் நன்றாகத்தான் ஓட்டினாள். நாற்பத்தைந்து வந்ததும் ஐந்தாவது கியரைப் போட்டாள். பிறகு இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இது யார் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஜெனோவா யோசித்தாள். தெரிந்த ஆள் மாதிரி இருந்தது, பெயர்தான் வரவில்லை.

செம்பட்டி தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர். மேலே வைக்கோல், வீட்டுக் கூரை அகலத்துக்கு. மாஸ்டர் அவசரப்படவில்லை. அதன் பின்னாலேயே போனாள். ரோடு நேராகி, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சைக்கிள்கூட இல்லை என்று ஆனபிறகு, ஹாரன் அடித்து வலது பக்கம் ஏறினாள்.

டிராக்டரின் பெரிய சக்கரம் ஜெனோவாவின் ஜன்னலுக்கு நேராக வந்தது. அங்கேயே நின்றது. வைக்கோல் துரும்பு முகத்தில் வந்து அடித்தது. மாஸ்டரின் கால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. கார் முனகியது. சக்கரம் அப்படியே நேராக நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்…"

"சொல்லுங்கக்கா."

"போகல."

"இழுவை பத்தல."

"எதிர்ல ஏதாவது வந்துரும் மாஸ்டர்!"

"ஒண்ணும் வரல. நல்லாப் பாருங்க."

ஒன்றும் வரவில்லைதான். ஆனால் ஜெனோவாவின் கண்ணுக்கு அங்கே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கால் தன்பாட்டுக்குத் தரையில் இல்லாத மிதியைத் தேடி உதைத்தது.

"கியரைக் குறைங்க!" என்று கத்தினாள். "அஞ்சாவதுல எப்படிப் போகும்? கியரைக் குறைச்சு மிதிங்க மாஸ்டர்!"

"குறைச்சா பெட்ரோல் போகுமேக்கா" என்றாள் மாஸ்டர்.

ஜெனோவா பிரேக்கை மிதித்துவிட்டாள். கார் குலுங்கிப் பின்தங்கியது. டிராக்டர் தன் வைக்கோலைச் சுமந்துகொண்டு முன்னே போயிற்று. மாஸ்டர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

ஜெனோவா முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டாள்.

லாரியை முந்தப்போன அன்றைக்குத் திரையில் இருந்த எண் ஜெனோவாவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. மறந்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்க்காமல் இருந்தாள். இருபத்திமூன்று புள்ளி ஒன்று. தூத்துக்குடியை முதல் தடவையாக மிஞ்சிய நாள். எங்காவது வண்டி நின்றதும் படம் எடுத்துக் குரூப்பில் போட வேண்டும், அதுவரை எண் இறங்கிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த லாரியை முந்த ஏறினாள். கியர் குச்சி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பின்சீட்டில் ஜோவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாலாவது போட்டிருந்தா…" என்றாள் மெதுவாக.

"மூணாவது" என்றாள் மாஸ்டர்.

"வண்டியில இருந்துச்சா மாஸ்டர்? அந்த இழுவை? அன்னைக்கே?"

மாஸ்டர் காரைத் திருப்பினாள்.

திரும்பி வந்ததும் ஜெனோவாவின் சொந்தக் காரை எடுக்கச் சொன்னாள். இந்தத் தடவை மாஸ்டர் இடது பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு மிதியும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"பிரேக் இல்லாம உங்களுக்குப் பயமா இல்லையா மாஸ்டர்?"

"பயம்தான். ஓட்டுங்க."

அதே ரோடு. இந்தத் தடவை கிடைத்தது டிராக்டர் அல்ல, லாரி. சவுக்குக் கட்டை ஏற்றியது. பின்னால் தொங்கிய சிவப்புத் துணி காற்றில் ஆடி ஜெனோவாவைக் கூப்பிடுவது போலவும் விரட்டுவது போலவும் இருந்தது.

"பின்னாடியே போயிடலாமா மாஸ்டர்?"

"போகலாமே. அதுக்குக் காசே கிடையாது."

"கிண்டல் பண்றீங்க."

"இல்லக்கா. நிசமாத்தான். பின்னாடியே போறதுதான் ரொம்பக் கொடுக்கும்."

லாரி பின்னாலேயே போனாள். திரையில் எண் ஏறியது. இருபத்திரண்டு. இருபத்திரண்டரை. கொஞ்ச தூரம் போனபிறகு லாரியை முந்த வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது. அது பயமா, நிதானமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வேகமாக இருந்தது.

ரோடு நேரானது. எதிரே காலி. லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ என்று ஆட்டினார்.

ஜெனோவா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளட்சை மிதித்தாள். கை கியர் குச்சிக்குப் போயிற்று. பர்ஸுக்குள் கை வைத்த மாதிரிதான் இருந்தது. ஐந்திலிருந்து நேராக மூன்று. கார் முன்னால் குனிந்து, பிறகு அலறியது. அந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது.

"சத்தம் போடுது மாஸ்டர்!"

"போடட்டும்."

"உடைஞ்சுருமா?"

"மிதிங்க."

மிதித்தாள். சவுக்குக் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. லாரியின் பெரிய சக்கரம் போயிற்று. டிரைவர் கதவு போயிற்று. பம்பரில் எழுதியிருந்த "அன்னை துணை" போயிற்று. இடது பக்கம் வந்து சேர்ந்தபோது முன்னால் ரோடு மட்டும்தான் இருந்தது. லாரி கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டிருந்தது. திரையிலும் எண் சின்னதாகிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் சுருக்கென்றது. இது தெளிவா, அது தெளிவா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

போகும்போதும் வரும்போதும் கிடைத்ததையெல்லாம் முந்தினாள். ஒரு மினி வேன். ஒரு தண்ணீர் லாரி. ஒரு இடத்தில் ஏறப்போனவள், எதிரே தூரத்தில் ஒரு வண்டி தெரிந்ததும் விட்டுவிட்டாள். மாஸ்டர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. முந்தியபோதும் அவிழ்க்கவில்லை, விட்டபோதும் அவிழ்க்கவில்லை.

"அப்ப எனக்குப் புது வண்டி வேண்டாம், அதைத்தான் சொல்ல வர்றீங்க" என்றாள் ஜெனோவா, திண்டுக்கல் நெருங்கும்போது.

"நான் எங்க சொன்னேன்?"

"இல்லையா?"

"இல்லையே."

"இந்த வண்டியே போதும்னு…"

"இன்னைக்குப் போதுமா இருந்துச்சு."

ஜெனோவா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள்:

"ஒண்ணு சொல்லட்டா? இதுக்கப்புறமும் அந்தச் சிவப்பு வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு மாஸ்டர்."

"எனக்கும் பிடிக்கும்" என்றாள் மாஸ்டர்.

கொட்டகைக்கு முன்னால் வண்டி நின்றதும் செல்வின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். பழக்கதோஷம், முதலில் ஜன்னலுக்குள் தலையை விட்டுத் திரையைப் பார்த்தான்.

"அடிப்பாவி. பதினாறா? மாஸ்டர், நீங்க ஓட்டினீங்களா?"

"நான்தாங்க ஓட்டினேன்" என்றாள் ஜெனோவா.

"என்ன ஜெனோ இது? தூத்துக்குடி அண்ணன் இன்னைக்குத்தான் இருபத்திமூணரை போட்டிருக்கார். நம்ம மானம்…"

"ஏங்க."

"என்ன?"

"அன்னைக்கு நமக்கு இருபத்திமூணு வந்துச்சுல்ல. ராத்திரி வாய் தவறிச் சொன்னேனே. படம் ஏன் எடுக்கலைன்னு கேட்டீங்கல்ல."

"ஆமா. இன்னைக்கும் அதான் கேக்குறேன்."

"எதிர்ல பஸ் வந்துச்சுங்க. நான் லாரிக்குப் பக்கத்துல இருந்தேன். அஞ்சாவது கியர்ல. இவன் பின்னாடி தூங்கிட்டு இருந்தான்."

செல்வின் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. மாஸ்டரைப் பார்த்தான். அவள் தரையில் கிடந்த பழைய ரப்பரை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் குழந்தையை இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு மாற்றிக்கொண்டான். ஜோவன் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிப் பார்த்தான். அப்பா தடுக்கவில்லை.

"அஞ்சாவது போட்டுட்டுக் கியர்கிட்டயே போகாதன்னு நான்தானே ஜெனோ சொன்னேன்" என்றான் கடைசியில்.

"நீங்க சொன்னீங்க. நான்தான் ஓட்டினேன்."

அவன் காரைச் சுற்றிப் போய் டிக்கியைத் திறந்தான். குட்டி இருக்கையை வெளியே எடுத்தான். அதன் மடிப்பில் பழைய பிஸ்கட் தூள் இருந்தது, எறும்பு வந்திருந்தது. தட்டினான். பின்சீட்டில் வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டினான். சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை குலுக்கிப் பார்த்தான். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் குலுக்கிப் பார்த்தான். ஜோவன் தன் சிம்மாசனத்தைக் கண்டுகொண்டு, "என்து!" என்று கத்தினான்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டான் செல்வின்.

ஜெனோவா குழந்தையை வாங்கி உட்கார்த்தி, மார்பில் பூட்டைப் போட்டாள். 'டிக்' என்று ஒரு சத்தம். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள். பட்டையைத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவள் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். மதுரைக்காரன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், வந்ததைவிட இப்பதான் ஜாஸ்தி குழப்பமா இருக்கு. இந்த வண்டியில இழுவை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா மூணாவது போட்டு ஓட்டினா இது பதினாறுதான் கொடுக்குது. மிதிக்காம ஓட்டினா அந்த வண்டியே பதினாலு கொடுக்கும்ங்கறான். அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டே ரெண்டுதானே? அந்த ரெண்டுக்காகப் போய் வேண்டாம்னு சொல்றதா? இல்ல இந்தக் கூட்டலும் தப்பா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வாங்கவா, வேண்டாமா?"

மாஸ்டர் தன் காரின் இடது கதவைச் சாத்தினாள். ஜெனோவாவின் கையில் அடித்துக்கொண்டிருந்த ஃபோனைப் பார்த்தாள். பின்சீட்டில் பூட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்த ஜோவனைப் பார்த்தாள்.

"அந்த வண்டியிலயும் மூணாவது கியர் இருக்குக்கா. அங்கயும் அதைப் போட்டு மிதிப்பீங்கல்ல?" என்றாள்.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஜெனோவா அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.